வாக்களித்தனரா, வாக்களித்தனவா?: தொடரேட்டு வலையமைப்புச் சொற்களைத் தமிழாக்குவதில் எழும் சிக்கல்கள்

1. முன்னுரை

பிளாக்செயின் எனப்படும் தொடரேட்டுத் தொழில்நுட்பம் இன்று பாடநூல்களிலும் அரசு ஆவணங்களிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் இடம்பெறத் தொடங்கியுள்ளது. திருவனந்தபுரத்தில் கேரள டிஜிட்டல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கேரள பிளாக்செயின் அகாதெமி இத்துறையில் பயிற்சி அளித்து வருகின்றது. தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டில் இத்தொழில்நுட்பத்திற்கெனத் தனிக் கொள்கையொன்றை வெளியிட்டது. அவ்வரசின் தொடரேட்டுத் தளம் 'நம்பிக்கை இணையம்' என்னும் தமிழ்ப்பெயரைப் பெற்றுள்ளது. ஆகவே இத்துறைச் சொற்களைத் தமிழில் தரவேண்டிய தேவை மொழிபெயர்ப்பாளர்க்கு நேர்ந்துள்ளது.

இச்சொற்களுள் ஒருசார் சொற்கள் பொறியியல் சார்ந்தவை. அவற்றைத் தமிழாக்குவது அரிதன்று. மற்றொருசார் சொற்கள் குடியாட்சி வழக்கிலிருந்து கடன்பெறப்பட்டவை. வாக்கு, ஆட்சி, ஒருமித்த முடிவு ஆகியவற்றைச் சுட்டும் ஆங்கிலச் சொற்கள் பொறிகளின் செயலுக்கும் பணத்தின் அளவிற்கும் பெயராகியுள்ளன. இவற்றை நேரடியாகத் தமிழாக்கும்போது, ஆங்கிலத்தில் மறைந்திருந்த பொருண்மைச் சிக்கல் தமிழின் இலக்கண அமைப்பால் வெளிப்படுகின்றது. வேலிடேட்டர், ஸ்டேக், வோட்டிங் பவர், கவர்னன்ஸ் என்னும் நான்கு சொற்களை எடுத்துக்கொண்டு அச்சிக்கலை விளக்குவதும், தக்க தமிழ்ச்சொற்களைப் பரிந்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வலையமைப்பின் செயன்முறை

தொடரேடு என்பது பல கணினிகளில் ஒரே வடிவில் பேணப்படும் கணக்கேடு ஆகும். அதனை எழுதுவதற்குத் தலைமை அலுவலர் ஒருவர் இல்லை. அடுத்து எழுதவேண்டிய ஏடு எது என்பதில் கணினிகள் தமக்குள் உடன்பாடு காணவேண்டும். அவற்றுள் சில பழுதுபடலாம். சில பொய்யும் உரைக்கலாம். லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் ஆகிய மூவரும் 1982இல் இச்சிக்கலைப் பைசாந்தியத் தளபதிகளின் கதையாக வைத்து ஆராய்ந்தனர். ஒப்பமிடாத செய்திகளை மட்டும் பரிமாறிக்கொள்ளும் நிலையில், வஞ்சிப்போர் மூன்றில் ஒரு பங்கினும் குறைவாக இருந்தால்தான் ஏனையோர் உடன்பாடு காணவியலும் என்பது அவர்கள் நிறுவிய முடிவு. இன்றைய வலையமைப்புகள் பலவற்றில் காணப்படும் 'மூன்றில் இரண்டு பங்கு' என்னும் வரம்பு இக்கணக்கை ஒட்டியதே.

தளபதிகளை எண்ணிவிடலாம், இணையத்தில் கணினிகளை எண்ணுவதில் பயனில்லை. ஒருவரே ஆயிரம் கணினிகளை இணைத்து ஆயிரம் வாக்குகளைப் பெற்றுவிடலாம். இதனைத் தடுக்கும் வழிகளுள் ஒன்று, வாக்கினைத் தலைக்கணக்கில் அளிக்காமல் பிணையாக வைத்த செல்வத்தின் அளவில் அளிப்பதாகும். எத்தீரியம் வலையமைப்பு 2022 செப்டம்பர் 15 அன்று இம்முறைக்கு மாறியது. அதில் பங்குகொள்ளக் குறைந்தது 32 ஈத்தர் வைக்கவேண்டும். வைக்கப்பட்ட மொத்தச் செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே ஏட்டிற்கு வாக்களித்தால் அவ்வேடு இறுதிநிலை எய்தும். மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்ட செல்வம் வாக்களியாது நின்றால் இறுதிநிலை தடைப்படும்.

முந்திய பத்தியில் 'செல்வம் வாக்களித்தால்' என்றே எழுத நேர்ந்தது. எழுவாய் ஆட்களாக இல்லை என்பது கருதத்தக்கது. இக்கட்டுரையின் வினா இங்கிருந்தே தொடங்குகின்றது.

3. வேலிடேட்டர்: திணைச் சிக்கல்

3.1. வாக்களிக்கும் உறுப்பினை ஆங்கிலத்தில் வேலிடேட்டர் என்பர். அச்சொல் ஆளையும் குறிக்கும், கருவியையும் குறிக்கும். ஆங்கில வினைமுற்று திணை காட்டாது. ஆதலின் அம்மொழியில் எழுதுவோர் வாக்களித்தது யார் அல்லது எது என்பதைத் தெளிவுபடுத்தாமலே எழுதிச் செல்லலாம். தமிழில் அது இயலாது. பின்வரும் தொடர்களை நோக்குக:

(1) சரிபார்ப்பாளர்கள் வாக்களித்தனர்.
(2) சரிபார்ப்பிகள் வாக்களித்தன.

இவ்விரண்டில் ஒன்றை மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தே ஆகவேண்டும். இணையத்தில் வழங்கும் மொழிபெயர்ப்புகளில் சரிபார்ப்பவர், சரிபார்ப்பாளர் என்னும் உயர்திணை வடிவங்களைக் காணலாம். இவற்றின் விளைவு யாது? எத்தீரியத்தில் வேலிடேட்டர்களின் எண்ணிக்கை 2024இல் பத்து இலட்சத்தை எட்டியது. 'பத்து இலட்சம் சரிபார்ப்பாளர்கள்' என்று எழுதினால், பத்து இலட்சம் மக்கள் காவல் இருப்பதாகவே தமிழ் வாசகர் கொள்வர். ஆனால் அங்கு ஒரு வேலிடேட்டர் என்பது ஈத்தர் வைக்கப்பட்ட ஓர் இருக்கையே. ஒரு நிறுவனம் பல்லாயிரம் இருக்கைகளை நடத்தலாம், நடத்தியும் வருகின்றது. 2025 மே மாதத்தில் செய்யப்பட்ட மாற்றத்தின்படி ஓர் இருக்கையில் 2048 ஈத்தர் வரை கணக்கில் கொள்ளப்படும். பல இருக்கைகளை ஒன்றாக இணைக்கவும் இடம் தரப்பட்டது. அவ்வாறு இணைக்கும்போது எண்ணிக்கை குறையும். ஆட்களின் தொகையில் எம்மாற்றமும் நேராது. எண்ணிக்கை ஆட்களைக் குறிக்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2023 மே 11, 12 ஆகிய நாட்களில் எத்தீரியத்தில் சிறிது நேரம் இறுதிநிலை எய்தப்படாமல் போயிற்று. மென்பொருள்கள் சில சுமை தாங்காது தடுமாறியதே காரணம். எவரும் வாக்களிக்க மறுக்கவில்லை. 'வாக்களிக்கவில்லை' என்னும் எதிர்மறை முற்று இருதிணைக்கும் பொது. ஆகவே அந்நிகழ்வைக் கூறும் தமிழ்த்தொடரில் எழுவாய்தான் பொருளை உணர்த்தவேண்டும். 'சரிபார்ப்பாளர்கள் வாக்களிக்கவில்லை' என்றால் புறக்கணிப்பு எனத் தோன்றும். கோளாறு எனத் தோன்றாது.

3.2. எனினும் எல்லா வலையமைப்புகளிலும் இச்சொல் அஃறிணைப் பொருளில் வழங்கவில்லை. காஸ்மாஸ் ஹப் என்னும் வலையமைப்பில் வேலிடேட்டர்கள் இருநூற்றுக்கும் குறைவானவர்களே. ஒவ்வொன்றும் பெயர் அறியப்பட்ட நிறுவனமோ குழுவோ ஆகும். பொதுமக்கள் தம் செல்வத்தை அவர்கள்பால் ஒப்படைக்கின்றனர். இந்தியர் தொடங்கிய பாலிகன் வலையமைப்பிலும் நிலைமை இதனை ஒத்ததே. அங்கு வேலிடேட்டர்களின் தொகை ஏறத்தாழ நூறு. ஒரே ஆங்கிலச் சொல் ஓரிடத்தில் இருக்கையையும் மற்றோரிடத்தில் அதனை நடத்துவோரையும் குறிக்கின்றது.

தமிழில் இவ்வேறுபாட்டைக் காட்டும் வாய்ப்பு விகுதியிலேயே அமைந்துள்ளது. '-ஆளர்' விகுதி ஆட்களைக் குறிக்கும்: எழுத்தாளர், பதிப்பாளர். '-இ' விகுதி மண்வெட்டி, தேங்காய்த்துருவி போன்ற கருவிப்பெயர்களில் வருவது; கணினி, செயலி, உலவி, வழங்கி எனக் கணினித்துறையிலும் அது வேரூன்றியுள்ளது. ஆதலின் இருக்கையைக் குறிக்குமிடத்து '-இ' விகுதியும், நடத்துவோரைக் குறிக்குமிடத்து '-ஆளர்' விகுதியும் பெறுதல் பொருந்தும். அவ்விகுதிகள் சேரவேண்டிய அடிச்சொல் எது என்பது அடுத்த வினா.

4. சரியும் செல்லுபடியும்

'சரிபார்த்தல்' என்பது ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பிழை களைவது. கணக்கைச் சரிபார்க்கிறோம், அச்சுப்படியைச் சரிபார்க்கிறோம். அச்சொல்லில் உண்மை காணுதல் என்னும் பொருட்கூறு உள்ளது. ஆங்கிலச் சொல்லின் வேரான இலத்தீன் வினை 'வலிமையுடன் இரு' என்னும் பொருளது; உண்மையைக் குறிப்பதன்று. (தமிழ் 'வலி'யோடு அதற்குள்ள ஒலியொப்புமை தற்செயலானது, அதனைக் கொண்டு உறவு கற்பித்தல் தகாது.) சட்டவழக்கில் அவ்வாங்கிலச் சொல் 'செல்லத்தக்கது' என்னும் பொருளைப் பெற்றது. தமிழில் நாணயமும் செல்லும், ஆவணமும் செல்லும், வாக்கும் செல்லும். செல்லாக்காசு என்றும் செல்லாவாக்கு என்றும் வழங்குகிறோம். காசையும் வாக்கையும் ஒரே வினையால் சுட்டும் இவ்வழக்கு இத்துறைக்கு வியக்கத்தக்க அளவில் பொருந்துகின்றது.

செல்லுபடி வேறு, உண்மை வேறு என்பதை ரோனின் நிகழ்வு காட்டும். கணினி விளையாட்டொன்றுக்காக அமைக்கப்பட்ட இவ்வலையமைப்பில் ஒன்பது வேலிடேட்டர்கள் இருந்தன; பணத்தை வெளியே எடுக்க ஐந்தின் ஒப்பம் போதும். 2022 மார்ச் 23 அன்று ஐந்தின் மறைத்திறவிகளைக் கைப்பற்றிய களவர் 1,73,600 ஈத்தரையும், 2.55 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்களையும் எடுத்துச்சென்றனர். ஐந்தனுள் நான்கு ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தவை. களவு நடந்தது ஆறு நாட்களுக்குப் பின்னரே தெரியவந்தது. அவ்வொப்பங்கள் கணக்கியல் முறைப்படி பிழையற்றவை. அவை 'செல்லும்' ஒப்பங்களே. சரிபார்ப்பு என்ற சொல் எழுப்பும் எதிர்பார்ப்பு எதுவும் அங்கு நிறைவேறவில்லை. ஒன்பது என்னும் எண்ணும் ஒன்பது ஆட்களைக் குறிக்கவில்லை. எண்ணிக்கையைவிடத் தனித்தன்மையே பாதுகாப்பிற்கு அடிப்படை என்பதை வாசகர்க்கு உணர்த்த, சொல்லும் துணைசெய்தல் வேண்டும்.

'செல்லுபடி' பொருளளவில் மிகப் பொருந்தினும், அதனோடு விகுதி சேர்த்துப் பெயராக்குவது கடினம். சான்றளித்தல் என்னும் வினை அதற்கு அணித்தானது. சான்று அளிப்போர் தாம் கண்டதற்கு ஒப்பமிடுவர்; அச்சான்று பொய்ச்சான்றாகவும் இருக்கலாம் என்பது தமிழர்க்குப் புதிதன்று. ஸ்டீம் என்னும் வலையமைப்பு தன் வேலிடேட்டர்களைச் 'சாட்சி' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாலேயே அழைத்தது. ஆகவே இருக்கையைச் 'சான்றளிப்பி' என்றும், நடத்துவோரைச் 'சான்றளிப்பாளர்' என்றும் வழங்கலாம்.

5. ஸ்டேக்: ஈடு

ஸ்டேக் என்பதற்குப் பங்கு, பந்தயம், பணயம், முதலீடு ஆகியவை எண்ணத்தக்கவை. 'பங்கு' நிறுவனப் பங்கோடு மயங்கும். 'முதலீடு' ஊதியத்தை மட்டும் முன்னிறுத்தி இழப்பை மறைக்கும். 'பணயம்' இழப்பைக் காட்டினும் சூதாட்டத்தையும் பணயக்கைதியையும் நினைவூட்டும். 'ஈடு' என்னும் சொல் பிணையாக வைத்த பொருளையும், நேர்ந்த இழப்பிற்குத் தரும் நிகரையும் ஒருங்கே குறிக்கின்றது: ஈடு வைத்தல், ஈடு செய்தல். மலையாளத்திலும் கடனுக்கு வைக்கும் பிணையை 'ஈடு' என்றே வழங்குவர். இருமொழிகளும் ஒருங்கு பயிலப்படும் திருவனந்தபுரம் போன்ற இடங்களில் இவ்வொற்றுமை பயனுடையது. ஒன்றற்கொன்று முரணான இரு ஏடுகளுக்குச் சான்றளித்த சான்றளிப்பியின் ஈட்டில் ஒரு பகுதி பறிக்கப்படும். அதனை 'ஈடு பறிப்பு' எனலாம்.

இவ்விடத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளோடு ஒப்பிடும் விருப்பம் எழுவது இயல்பு. முதற்பராந்தகன் காலத்து (கி.பி. 919, 921) அக்கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேரும் முறையை விரிக்கின்றன. இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடைமை, சொந்த மனையில் வீடு, வயதுவரம்பு ஆகியவை தகுதிகள். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். செல்வத் தகுதி, குலுக்கல், தவறினார்க்கு விலக்கு என்னும் மூன்று கூறுகளும் எத்தீரியத்திலும் உள்ளன. அங்கும் 12 நொடிக்கொரு முறை ஏடு முன்மொழியும் சான்றளிப்பி குலுக்கல் முறையிலேயே தேரப்படுகின்றது.

ஆயினும் வேறுபாடு பெரிது. உத்தரமேரூரில் நிலம் ஒரு வாயில் மட்டுமே. வாயிலைக் கடந்தபின் பத்து வேலி உடையவர்க்கும் கால்வேலியைச் சற்றே கடந்தவர்க்கும் ஓலை ஒன்றுதான். எத்தீரியத்தில் செல்வம் பெருகப் பெருக ஓலைகளும் பெருகும். மேலும் குடவோலை குலுக்கலேயன்றி வாக்கெடுப்பு அன்று. அதனைத் 'தேர்தல்' என இன்றைய பொருளில் எழுதுவதும், தொடரேட்டு வாக்கினை 'வாக்குரிமை' என எழுதுவதும் ஒரே வகைப் பிழை எனலாம்.

6. வோட்டிங் பவர்: உரிமையும் நிறையும்

6.1. வோட்டிங் பவர் என்பதற்கு வாக்குரிமை, வாக்கதிகாரம், வாக்கு வலிமை ஆகியவை இயல்பாகத் தோன்றும் நிகரன்கள். 'வாக்குரிமை' இந்தியச் சூழலில் வயது வந்தோர் அனைவர்க்கும் சமமாக உரிய ஒன்றைக் குறித்து நிலைத்துவிட்டது. அதில் 'இருக்கிறது' அல்லது 'இல்லை' என்னும் இருநிலையே உண்டு. 'கூடிய வாக்குரிமை', 'குறைந்த வாக்குரிமை' என்பன வழக்கில் இல்லை. வோட்டிங் பவரோ அளவிடத்தக்கது, கூட்டவும் பிரிக்கவும் கைமாற்றவும் தக்கது. ஆகவே எடையைக் குறிக்கும் சொல்லே ஏற்றது. 'வாக்குநிறை' என்னும் தொகை இதற்கு அமையும்.

நிறையால் அளக்கப்படும் வாக்கு புதியதன்று. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், செலுத்தப்பட்ட பங்கு முதலில் உறுப்பினர் கொண்டுள்ள பங்கிற்கு ஏற்ப வாக்கு அமையும் என்று வகுத்துள்ளது. அதற்கு நெடுங்காலம் முன்பே திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிருவாகம் 'எட்டரயோகம்' என்னும் அவையிடம் இருந்தது. உறுப்பினர் எண்மர்க்கு ஒவ்வொரு வாக்கும் அரசர்க்கு அரைவாக்கும் உண்டு என்பது மரபு. அவையின் பெயரிலேயே வாக்கின் நிறை பொறிக்கப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது. 'அரைவாக்கு' என்று கூறலாம். 'அரைவாக்குரிமை' என்று கூறின் பொருள் மயங்கும். மார்த்தாண்டவர்மர் 1750இல் நாட்டைக் கோயிலுக்கு ஒப்படைத்து அடியவராய் ஆண்டபோது, அரைவாக்கினர் நாட்டின் முழு அதிகாரத்தையும் கொண்டிருந்தார். அவையின் ஏட்டிலுள்ள நிறையும் நடைமுறை அதிகாரமும் வேறுவேறு. 'வாக்கதிகாரம்' என்னும் சொல் இவ்வேறுபாட்டை அழித்துவிடும்.

6.2. நிறை ஒருவரிடமும் உடைமை மற்றொருவரிடமும் இருக்கும்போது நேரும் இடரை ஸ்டீம் வலையமைப்பில் 2020இல் காணலாம். அங்கு ஏடெழுதும் முதன்மைச் சாட்சிகள் இருபதின்மர். நாணயம் வைத்திருப்போர் தம் நிறைக்கேற்ப அவர்களைத் தேர்வர். ட்ரான் நிறுவனர் ஜஸ்டின் சன், ஸ்டீமிட் நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். அதன் கையிலிருந்த பெருந்தொகை நாணயத்தைச் சாட்சிகள் பிப்ரவரியில் முடக்கினர். மார்ச் தொடக்கத்தில் பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய நாணயச் சந்தைகளில் வாடிக்கையாளர் வைத்திருந்த நாணயங்களின் நிறையும் வாக்கெடுப்பில் பயன்படுத்தப்பட்டது. முதன்மைச் சாட்சிகள் அனைவரும் மாற்றப்பட்டனர். எதிர்ப்பு எழுந்தபின் முதலிரு சந்தைகளும் தம் வாக்குகளை மீட்டுக்கொண்டன. பழைய குழுவினர் மார்ச் 20 அன்று ஹைவ் என்னும் தனி வலையமைப்பாகப் பிரிந்தனர்.

இந்நிகழ்வில் வாடிக்கையாளர் எவரும் வாக்களிக்கவில்லை. அவர்தம் நாணயங்கள் வாக்களித்தன. இக்கூற்று தமிழில்தான் எத்துணைத் தெளிவாக அமைகின்றது! 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ நாணயம் சொத்தே என்றும் அதனை ஒருவர் பிறர்பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவியலும் என்றும் கூறியது. பொறுப்பில் உள்ள சொத்தின் வாக்குநிறை யாருக்குரியது என்னும் வினா தமிழ்நாட்டு நீதிமன்றங்களிலும் எழக்கூடும். அப்போது 'வாடிக்கையாளர் வாக்களித்தனர்' என்னும் மொழிபெயர்ப்பிற்கும் 'வாடிக்கையாளரின் நாணயநிறை பயன்படுத்தப்பட்டது' என்னும் மொழிபெயர்ப்பிற்கும் உள்ள வேறுபாடு வழக்கின் போக்கையே மாற்றவல்லது.

7. கவர்னன்ஸ்: ஆளுகையும் உடன்பாடும்

கவர்னன்ஸ் என்பதற்கு அரசு வழக்கில் 'ஆளுமை' நிலைபெற்றுள்ளது. மின் ஆளுமை என்பது அவ்வகையில் அமைந்தது. ஆனால் பொதுவழக்கில் ஆளுமை ஒருவரது தனித்தன்மையைக் குறிக்கின்றது. 'வலையமைப்பின் ஆளுமை' என்றால் அதன் இயல்பு எனவும் பொருள்படும். 'ஆட்சி' அரசையே சுட்டும். 'ஆளுகை' இவ்விரு மயக்கத்தையும் தவிர்க்கும்.

ஈண்டு இருவகை வாக்குகளைப் பிரித்துணர்தல் வேண்டும். ஏட்டினை ஏற்கும் வாக்கு ஒன்று. வலையமைப்பின் விதிகளை மாற்றும் வாக்கு மற்றொன்று. முன்னதில் பொறி தானே இயங்கும். பின்னதில் ஆட்கள் ஆராய்ந்து முடிவெடுப்பர். காஸ்மாஸ் ஹப்பில் விதிமாற்ற முன்மொழிவுக்கு ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை, தடுப்பெதிர்ப்பு என நால்வகை வாக்குகள் உண்டு. தடுப்பெதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முன்மொழிவு வீழும். 2022 நவம்பரில் அதன் நாணயக் கொள்கையைப் பெரிதும் மாற்றவந்த 82ஆம் முன்மொழிவு, ஆதரவு நிறை மிகுந்திருந்தும், 37 விழுக்காட்டிற்கு மேற்பட்ட தடுப்பெதிர்ப்பால் வீழ்ந்தது. ஒப்படைத்தோர் தாமே வாக்களிக்கவில்லையெனில் அவர்தம் நிறை சான்றளிப்பாளரின் வாக்கோடு சேரும். இங்கு 'சான்றளிப்பாளர்கள் வாக்களித்தனர்' என உயர்திணையில் எழுதுவதே முறை. ஏடு ஏற்கும் செயலைக் கூறுமிடத்து அஃறிணையே பொருந்தும்.

முன்னதன் விளைவை ஆங்கிலத்தில் கன்சென்சஸ் என்பர். மலையாள அரசியல் வழக்கில் 'சமவாயம்' இதற்குப் பயில்கின்றது. பலரும் கலந்து பேசி எய்தும் இணக்கத்தை அது குறிக்கும். தமிழில் 'ஒருமித்த கருத்து' என்போர் உளர். மூன்றில் இரண்டு பங்கு நிறை ஒருங்கே சாய்வது ஒருமித்தலும் அன்று, கருத்தும் அன்று. 'உடன்பாடு' என்னும் எளிய சொல் போதியது. 'நம்பிக்கை இணையம்' என்னும் பெயரும் இந்நோக்கில் எண்ணத்தக்கது. தனியொருவரை நம்பவேண்டாத அமைப்பு என்பதே பொதுத் தொடரேட்டின் உரிமைக்கூற்று. அரசுத்துறைகள் நடத்தும் அனுமதிவழி வலையமைப்பிலோ ஈட்டினும் நடத்துவோர்மீதுள்ள நம்பிக்கையே அடிப்படை. ஆதலின் அப்பெயர் அங்குப் பொருந்தும்; பொதுத் தொடரேட்டிற்கு அதனை நீட்டுதல் பொருந்தாது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பரிந்துரைக்கப்படும் சொற்கள் வருமாறு:

(அ) வாக்கிடும் இருக்கை: சான்றளிப்பி, அதனை நடத்துவோர்: சான்றளிப்பாளர்.
(ஆ) பிணைச்செல்வம்: ஈடு, தவற்றுக்கு அதனை இழத்தல்: ஈடு பறிப்பு.
(இ) ஈட்டின் அளவிற்கேற்ற வாக்கு: வாக்குநிறை.
(ஈ) ஏட்டினை ஏற்பதில் எய்தும் முடிவு: உடன்பாடு, விதிகளை வகுத்தலும் மாற்றலும்: ஆளுகை.

கலைச்சொல் ஒன்றுக்கு ஒன்று என அமைதல் வேண்டும் என்பது பொதுக்கொள்கை. வேலிடேட்டர் என்னும் ஒரு சொல்லுக்கு இங்கு இரண்டு சொற்கள் தரப்பட்டமை அக்கொள்கைக்கு மாறாகத் தோன்றலாம். மூலமொழியில் ஒரு சொல் இருபொருள் தாங்குமிடத்து, இலக்கு மொழியின் இலக்கணம் அவற்றைப் பிரிக்குமாயின், பிரித்துத் தருவதே மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும். திணை என்பது தமிழ்வினையின் ஈற்றில் நிற்கும் சிறு உருபே. எனினும் ஒரு வலையமைப்பைக் காப்போர் பத்து இலட்சம் மக்களா, சில நிறுவனங்களின் பத்து இலட்சம் இருக்கைகளா என்பதை வாசகர் அவ்வுருபின்வழியே அறிகின்றனர். தம் செல்வத்தை ஈடாக வைக்க எண்ணும் எளிய வாசகர்க்கு அவ்வறிவு இன்றியமையாதது.